நான் போகாத வீடு

“கட்டத்துல டிக் அடிச்சா நாய நல்லா பாத்துக்குவான்னு ஆயிடுமாம்மா?”

சேலையூரில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், கழுவிக் கவிழ்த்த நாய்த்தட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தபடி அவர் கேட்டார். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் கேட்டும் கிரில்லும் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருப்பவர். நாங்கள் எல்லோரும் அவரைப் பாய் என்று கூப்பிடுவோம். எனக்குச் சிரிப்பு வந்தது.

“சும்மா டிக் இல்ல பாய். இருபத்திரண்டு கேள்வி இருக்கு. நான் தயார் பண்ண ஃபார்ம்.”

“நீயா எழுதுன? அப்ப கரெக்டா தான் இருக்கும்” என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று அன்று நான் யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் எழுத வராது. ஏழாம் வகுப்பில் இருக்கும்போதே எங்கள் தெருவில் யாருக்கு வங்கியில் பணம் போட வேண்டுமென்றாலும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். பேனாவைத் திறக்கும்போது நாலு பேர் சுற்றி நின்று என் கையையே பார்ப்பார்கள். அந்தச் சுகம் எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு கல்லூரி முடித்து, ஒரு கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் வேலையும் கிடைத்தது. தாளில் உள்ளதை நம்புவது எனக்குப் பழக்கம் மட்டுமல்ல, சம்பளமும் அதற்குத்தான்.

அடிபட்ட தெருநாய்களை எடுத்து, வைத்தியம் பார்த்து, வீடு தேடிக் கொடுக்கும் ஒரு குழுவில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்துக்காரர்கள். நான் சேர்ந்தபோது யாராவது போன் செய்து “எனக்கு ஒரு நாய் வேணும்” என்றால் குரலை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். சில நாய்கள் ஒரே மாதத்தில் திரும்பி வந்தன. ஒன்று என்ன ஆனது என்றே தெரியவில்லை. நான்தான் ஃபார்ம் கொண்டு வந்தேன். சொந்த வீடா, வாடகையா? வீட்டுக்காரர் சம்மதித்தாரா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? தடுப்பூசி, கருத்தடைக்குச் சம்மதமா? நாய் எங்கே தூங்கும்? எல்லாம் ஆங்கிலத்தில் எழுதினேன். குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள். ஃபார்முக்குப் பிறகு எங்களில் ஒருவர் நேரில் போய் வீட்டைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் ‘ஹோம் செக் முடிந்தது’ என்று போட்டால் போதும். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆளுக்கு ஒரு வேலை, குடும்பம். ஒருவர் பார்த்தது எல்லோரும் பார்த்த மாதிரி. பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு அன்று, நாயை எடுத்தவர்கள் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். இதுதான் எங்கள் ஏற்பாடு.

அந்த மொட்டைமாடி வீட்டின் அக்கா பள்ளி ஆசிரியை. வைத்தியம் முடிந்த நாய்கள் வீடு கிடைக்கும்வரை அவரிடம்தான் இருக்கும். அன்று அங்கே இருந்த நாய், பாய் கொண்டு வந்தது. செம்பழுப்பு நிறம், முன்கால் ஒன்றில் மட்டும் சாக்ஸ் மாட்டிய மாதிரி வெள்ளை. குட்டியாக இருந்தபோது ஒரு மழைநாளில் பட்டறைக்குள் வந்து ஒதுங்கியது, பிறகு போகவே இல்லையாம். டீ வந்தால் பாய் ஒரு ஸ்பானரால் இரும்புக் குழாயில் இரண்டு தட்டுத் தட்டுவார். வேலையாட்கள் வருவதற்கு முன்னால் அது வந்து நிற்கும், பன்னுக்காக. ஒரு தண்ணீர் லாரி அதன் பின்னங்காலை நசுக்கியபோது அவரே லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுத் தாம்பரத்துக்குக் கொண்டு வந்தார். மருத்துவமனையில்தான் அவரை முதலில் பார்த்தேன். சட்டையெல்லாம் ரத்தம். தொடையில் முடியை மழித்து, எலும்பில் உலோகத் தகடு வைத்து, உள்ளங்கை நீளத்துக்குத் தையல் போட்டார்கள். அப்படியே கருத்தடையும் செய்து, அடையாளத்துக்குக் காதில் சின்ன வெட்டும் போட்டுவிட்டார்கள். அது அக்காவின் மாடியில் ஆறு வாரம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பாய் பன்னோடு வந்துவிடுவார்.

“காலு சரியாயிட்ச்சு. நான் இட்டுனு போறேனே” என்று அவர் கேட்டதற்குத்தான் நான் ஃபார்மைத் திறந்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நானே படித்துச் சொல்லி, நானே நிரப்பினேன்.

“நாய் எங்க தூங்கும் பாய்?”

“பட்டறையில தான். வூட்டுக்குள்ள தொழுவுற எடம், சேத்துக்க மாட்டாங்க. பொய் சொல்லக்கூடாது பாரு.”

“ராத்திரி யாரு இருப்பா?”

“வாட்ச்மேன் கீறாரு. அவரு தான் இதுக்கு தலகாணியே.”

“வாசல்ல கேட் இருக்கா?”

“கேட் பண்றவன் பட்டறையில கேட் இருக்குமா?” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “போட்டுடலாம்மா. ஒரு நாள் வேல. நீ ஒருதபா வந்து பாரு. பாத்துட்டு சொல்லு.”

“வரேன் பாய்” என்றேன்.

கேள்விகளில் ஒன்பதுக்கு ‘இல்லை’ என்று விழுந்திருந்தது. இரும்புத் துண்டுகள் கிடக்கும் இடம், திறந்த வாசல், வெளியே தண்ணீர் லாரி. என் ஃபார்ம்படி அது முடிந்த கதை. அதைவிட இன்னொன்றும் இருந்தது, இப்போது எழுதிவிடுகிறேன். கால் ஆட்டியபடி, பதிலுக்கு யோசித்து யோசித்து, படித்த பெண்ணிடம் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று அவர் உட்கார்ந்திருந்த விதம் என் அப்பாவை ஞாபகப்படுத்தியது. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் நம்பிக்கை வரவில்லை. என் அப்பா வந்து கேட்டிருந்தாலும் அந்த ஃபார்ம் அவருக்கு நாய் கொடுத்திருக்காது. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அதே வாரம் நாவலூரிலிருந்து ஒரு கணவன் மனைவி ஃபார்ம் அனுப்பினார்கள். இருவரும் ஐ.டி. வேலை. இருபத்திரண்டு கேள்விக்கும் சரியான பதில். கூடவே ஒரு பத்தி, தாங்கள் ஏன் விலைக்கு வாங்காமல் நாட்டு நாயை எடுக்க விரும்புகிறோம் என்று. அப்படி ஒரு ஆங்கிலம் எழுத எனக்கு வராது. படித்துவிட்டு அக்காவுக்கு அனுப்பினேன். “எழுதுறது நல்லாதான் இருக்கு. போய்ப் பாத்துட்டு வந்துடுப்பா” என்றார்.

சனிக்கிழமை போவதாக இருந்தது. தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போய், அங்கே பஸ் மாறி நாவலூர். அன்று மழை. மேடவாக்கத்தில் தண்ணீர் நிற்கிறது என்றார்கள். அந்தப் பெண் போன் செய்தார். “இந்த மழைல எதுக்கு அலையறீங்க? வீடியோ கால்ல காட்டிடறேன், ஓகேவா? நீங்க எங்க வேணா திருப்பச் சொல்லுங்க, காட்டறேன்.” காட்டினார். பால்கனியில் வலை அடித்திருந்தது. எலும்புப் படம் போட்ட மெத்தை வாங்கி வைத்திருந்தார்கள், விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. ஸ்டீல் கிண்ணம் இரண்டு. கணவர் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, “நாங்க ரெண்டு பேருமே டாக் பீப்புள்ங்க” என்றார். என்னை அவர்கள் ‘மேடம்’ என்றார்கள். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

குழுவில் ‘ஹோம் செக் முடிந்தது’ என்று போட்டேன். ‘வீடியோவில்’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்த்தால் அக்கா கேட்பார், மறுபடி போகச் சொல்வார். அது முதல் தடவையும் இல்லை. அதற்கு முன்னும் சில வீடுகளுக்கு அப்படிப் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பாய்க்கு நான் சொன்னது, “அதோட நல்லதுக்குத்தான் பாய், ஒரு வீட்டுக்குள்ள வளரட்டும்.”

“ஏசியில தூங்குமா?” என்று கேட்டார்.

“தூங்கும்.”

“அப்ப சரிம்மா. அங்கியே இருக்கட்டும்.” அந்த ஞாயிறு கொண்டுவந்த பன்னை அக்காவின் மற்ற நாய்களுக்குப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போனார்.

முதல் மாதம் போட்டோ வந்தது. எலும்பு மெத்தையில் படுத்திருந்தது. இரண்டாம் மாதம், பால்கனியில். மூன்றாம் மாதம், சோபா ஓரத்தில். ஒவ்வொன்றுக்கும் நான் இதயம் போட்டேன். பாய் டைப் செய்யமாட்டார், குரல் செய்திதான் அனுப்புவார். “அம்மா, புள்ள எப்படி கீது? ஒரு போட்டோ போடும்மா” என்று வந்தது. மூன்றாம் மாதப் படத்தை அனுப்பிவைத்தேன். சற்று நேரத்தில் பதில். பின்னால் வெல்டிங் சத்தம் கேட்டது.

“இன்னாம்மா இது, மூணு மாசம் ஆச்சு. தையல் போட்ட எடத்துல இன்னும் முடியே மொளைக்கலியே. சத்து கொறவா? டாக்டராண்ட கேளு.”

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொடையில் மழித்த இடம், அக்காவின் மாடியிலிருந்து போன அன்று இருந்த மாதிரியே ரோஜா நிறத்தில், தையல் புள்ளிகளோடு. இரண்டாம் மாதப் படத்திலும் அப்படியே. முதல் மாதப் படத்திலும். மூன்று படங்களும் ஒரே வாரத்தில் எடுத்தவை. சான்றிதழில் தேதி திருத்தியிருந்தால் எழுத்தின் கனத்தை வைத்தே கண்டுபிடிப்பவள் நான். இந்த மூன்றையும் பார்த்து இதயம் போட்டிருந்தேன்.

நாவலூருக்கு அன்றுதான் முதல் முறையாகப் போனேன். இரண்டு பஸ், பிறகு கொஞ்சம் நடை. வாசலில் செக்யூரிட்டி மேலே விடவில்லை. அரைமணி நேரம் கழித்து அந்தப் பெண் கீழே வந்தார். என்னை ‘மேடம்’ என்று கூப்பிடவில்லை.

“நாங்க ஆஃபீஸ் போனதும் குரைச்சுக்கிட்டே இருந்துச்சு. அசோசியேஷன்ல தினம் கம்ப்ளெயின்ட். என்ன பண்றது சொல்லுங்க?”

“எங்ககிட்ட திருப்பிக் குடுத்திருக்கலாமே. ஃபார்ம்ல இருக்கே.”

“குடுத்தா பேர் போட்டு ஃபேஸ்புக்ல அசிங்கப்படுத்துவீங்க. மத்தவங்களுக்குப் பண்ணதைப் பாத்திருக்கேன்.” அவர் குரல் உடைந்தது. “டிரைவர்கிட்ட குடுத்தோம். நல்ல இடத்துல விட்டுட்டேன்னு சொன்னார்.”

அவர் சொன்னது பொய்யில்லை. நாயைத் திருப்பித் தந்த சிலரின் பெயரை நாங்கள் அப்படிப் போட்டிருக்கிறோம். எழுதியதில் பாதி என் கை. திருப்பித் தருவதை அவ்வளவு கேவலமாக ஆக்கிவைத்தவர்களில் நானும் ஒருத்தி.

அந்த டிரைவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். நாயை அவர்கள் எடுத்துப் போன மூன்றாவது வாரமே அவர் அதைத் தாழம்பூர் ஏரிப் பக்கம் இறக்கிவிட்டிருந்தார். நன்றாக ஓட முடியாத ஒரு நாயை, ஏற்கெனவே கூட்டமாக நாய்கள் இருக்கும் இடத்தில்.

அதற்குப் பிறகு நான்கு ஞாயிறு தேடினோம். நானும் அக்காவும் போட்டோ ஒட்டிய நோட்டீஸ்களோடு டீக்கடை டீக்கடையாகப் போனோம். பாய் தன் டி.வி.எஸ்.ஸில் வந்தார். கையில் ஒரு முழ நீளக் குழாய், ஸ்பானர். ஏரிக்கரை நெடுக நடந்து, இரண்டு தட்டுவார், நிற்பார், கேட்பார். மறுபடி இரண்டு தட்டுவார். புதரிலிருந்தும், கட்டி முடிக்காத வீடுகளிலிருந்தும் நாய்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பன் போட்டார். கட்டடத்து வேலைக்காரர் ஒருவர், “இன்னா பாய், ஐஸ் விக்கிறியா?” என்று கேட்டார். “ஆமாம்பா, ஒரே கஸ்டமரு. அதான் காணோம்” என்று பாய் சொல்லிவிட்டு நடந்தார்.

அது வரவில்லை. அந்த வெள்ளைக் கால் நாயை ஒரு மாதம் முன்னால் ரோட்டோரம் பார்த்ததாக ஒரு பெட்டிக்கடைக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு பார்த்தவர் யாரும் கிடைக்கவில்லை.

இத்தனை நாளும் குழுவில் கோபம் முழுக்க நாவலூர்க்காரர்கள் மேல் இருந்தது. ‘நேரில் போய்ப் பார்த்தவரையே ஏமாற்றியிருக்கிறார்கள்’ என்று ஒருவர் எழுதினார். ‘இவர் பார்த்தே இப்படியென்றால் இனி இரண்டு பேர் போக வேண்டும்’ என்று இன்னொருவர். எனக்கு ஆறுதல் சொல்லித் தனியாகவும் செய்திகள் வந்தன. எல்லாவற்றையும் படித்தேன். எதையும் மறுக்கவில்லை.

நான்காவது ஞாயிறு திரும்பி வரும்போது, சோழிங்கநல்லூர் பஸ் நிறுத்தத்தில் அக்கா கேட்டார்: “நீ போனப்ப அந்த பால்கனி எவ்ளோ பெருசு இருந்துச்சு? அது காலை நீட்டிப் படுக்கற அளவு இருந்துச்சா? எனக்கு அதே நினைப்பா இருக்கு.”

ஆறு வாரம் அந்தக் காலுக்கு மருந்து போட்டவர் அவர். அவரிடம் ஒரு அளவைக் கற்பனை செய்து சொல்ல வாய் வரவில்லை.

“நான் போகலக்கா.”

“எங்க போகல?”

“அந்த வீட்டுக்கு. அன்னிக்கு மழை, வீடியோலதான் பாத்தேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, பஸ் வரும் திசையையே பார்த்தார். தாம்பரம் பஸ் ஒன்று வந்து நின்று போனது. நாங்கள் ஏறவில்லை.

“மழைன்னு சொல்லியிருந்தா நானே போயிருப்பேனே” என்றார். பிறகு, “எத்தனை வீடு இந்த மாதிரி?”

“இன்னும் அஞ்சு.”

“உன் மெசேஜ் வந்தா நான் அடுத்த வேலைக்குப் போயிடுவேன். இனிமே போக முடியாதுல்ல.” திட்டவில்லை. அடுத்த பஸ்ஸில் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து வந்தோம்.

அன்றே குழுவிலும் எழுதினேன். ஐந்து வீடுகளின் ஊர்களையும் போட்டேன். வீடு பார்க்கும் வேலையிலிருந்தும், யாருக்கு நாய் கொடுப்பது என்று முடிவு செய்வதிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். ஒருவர் மட்டும், ‘உங்கள் ஃபார்ம் இனி என்ன ஆகும்?’ என்று கேட்டிருந்தார்.

பாய்க்கு நேரில்தான் சொல்ல வேண்டும் என்று திருமுடிவாக்கம் போனேன். வாசலில் கேட் இருந்தது. புதுசு, இன்னும் பெயின்ட் அடிக்காமல் பிரைமர் மட்டும் பூசியது. வேலையாள் திறந்துவிட்டார். பாய் கையுறையைக் கழற்றிவிட்டு, டீ சொன்னார். மழை, வீடியோ, குழுவில் போட்டது எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அந்த வூட்டுக்கு போவலன்னு சொல்ற.”

“ஆமாம் பாய்.”

“இங்கயும்தான் வரேன்னு சொன்ன.” அதைக் கோபமாகச் சொல்லவில்லை. டீயை என் பக்கம் நகர்த்திவைத்தார். “கேட்ட பாத்தியா? நீ வருவன்னு அந்த வாரமே போட்டது. சும்மா ஒரு நாள் வேல.”

டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். இடத்தைச் சுற்றிப் பார்த்தேன். இரும்புத் துண்டுகளை ஒரு டிரம்மில் போட்டு மூடியிருந்தார்கள். வெல்டிங் பொறி பறக்காத மூலையில் ஒரு சாக்கு மடித்துக் கிடந்தது. பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி, வெயில் படாத இடத்தில். வந்து பார்ப்பது அரைமணி நேர வேலை. இதைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று தெரியாது. அப்போதும் ‘இல்லை’ என்றே எழுதியிருப்பேனோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் நான்தான் கெடுத்துக்கொண்டேன்.

“வேற ஒண்ணு பாத்துத் தரட்டுமா பாய்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“அது வந்தாலும் வரும்மா” என்றார். கையுறையை மாட்டிக்கொண்டார்.

முடிவெடுக்கும் உரிமை போனாலும், அந்த ஐந்து வீடுகளிலும் இருக்கும் நாய்கள் என் வார்த்தையின்பேரில்தான் இருக்கின்றன. அக்காவிடம் கேட்டேன், நான் போகலாமா என்று. “போ. ஆனா கூட ஒருத்தர் வருவாங்க” என்றார். ஒத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் ஒருவர் வந்து சரிபார்ப்பது இதுவே முதல் தடவை. அது உறுத்துகிறது. உறுத்தட்டும்.

முதல் வீடு ஊரப்பாக்கம். போன ஞாயிறு காலை ரயிலில் போனோம். வீடியோவில் பார்த்த அதே நீல வாசல், அதே துளசித் தொட்டி. நாய் இருந்தது, உயிரோடு, கொழுகொழுவென்று. ஆனால் அன்று போன் திரும்பாத பின்பக்கத்தில், மோட்டார் அறைக்கு அருகே, இரண்டு முழச் சங்கிலியில். கழுத்தில் முடி உதிர்ந்து தடம் விழுந்திருந்தது. வீட்டு அம்மா நல்லவர்தான். “பேரப்பிள்ளைங்க வந்தாங்க, அதுக்காகக் கட்டினது. அப்புறம் அப்படியே பழகிடுச்சு” என்றார். எதையும் மறைக்கவில்லை. “முடியலன்னா திருப்பிக் குடுங்கம்மா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்” என்றேன். அவர் யோசித்தார். “வெச்சிக்கிறேன். எப்படி வெச்சிக்கணும்னு சொல்லு” என்றார். சங்கிலியை அவிழ்த்து, பின்பக்கத்துக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு சின்ன கேட் வைத்தால் போதும் என்று, கூட வந்தவரும் நானும் இடத்தை அளந்தோம். அங்கிருந்தே பாய்க்கு அளவைக் குரல் செய்தியாக அனுப்பி, செய்து தருவாரா என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை. மற்ற நான்கு வீடுகளில் மூவர் வரச் சொல்லிவிட்டார்கள். நாலாவது, படப்பையில், போனை எடுப்பதில்லை. நேற்று ஆஃபீஸுக்கு லீவு போட்டு, கூட வருபவரோடு, சொல்லாமலே அங்கே போய் அழைப்பு மணியை அழுத்தினேன்.